பெருக்கிப் பார்த்தல்

என் கணவரின் அண்ணனுக்குக் குடும்பத்தில் கணக்குப் புலி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முறை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை எல்லோரையும் மேய்த்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பிள்ளை என்ன படிப்பது, யார் எப்போது வீடு மாறுவது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். என் கணவரோ அவர் வாய் திறப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுகிற ரகம்.

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர ஆசைப்பட்டேன். நுழைவுத் தேர்வில் கணக்கு உண்டு. கணவரிடம் சொன்னேன்.

"அண்ணன் உனக்குக் கணக்கு சொல்லித் தரட்டும். தேறிட்டேன்னு அவர் சொன்னா தாராளமா சேர்ந்துக்கோ" என்றார்.

படிக்கப் போவது நான், தேர்வு எழுதப் போவது நான். தேறினேனா என்று சொல்ல வேண்டியது மட்டும் குழாய்க் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிற ஒருவர். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் புலி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்வார். காரணிப்படுத்துதல்தான் அவருக்குப் பிடித்த பாடம். x² + 5x + 6 என்று எழுதிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ரெண்டு நம்பர். பெருக்கினா ஆறு, கூட்டினா அஞ்சு. என்ன?"

"ரெண்டும் மூணும், மாமா."

"அவ்வளவுதான். எக்ஸ் ப்ளஸ் ரெண்டு, எக்ஸ் ப்ளஸ் மூணு. முடிஞ்சுது."

"எதுக்குப் பெருக்கணும், எதுக்குக் கூட்டணும்?"

"இங்க பாரும்மா, காரணியைக் கேட்டா காரணியைச் சொல்லு. காரணத்தைக் கேட்காதே" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். இது அவருக்குத் தெரியாது என்பது அப்போதே எனக்குப் புரிந்துபோனது. தெரிந்தவன் சொல்லிவிட்டுப் போகிறான், தெரியாதவன்தான் சிரித்து மழுப்புகிறான்.

ஒருநாள் வாய்பாட்டில் தடுமாறிவிட்டேன். புலிக்குக் கொண்டாட்டம்.

"உனக்குப் பெருக்கல்னா விளக்குமாத்தால பெருக்கறது மட்டும்தான் வரும்போல!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரித்து முடித்த பிறகும் இவர் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். மருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் (x + 2)-ஐயும் (x + 3)-ஐயும் நானே பெருக்கிப் பார்த்தேன். இரண்டும் மூன்றும் ஆளுக்கொரு x-ஐப் பிடித்துக்கொண்டு வந்து நடுவில் 5x ஆயின. பிறகு தங்களுக்குள் பெருகிக் கடைசியில் ஆறாயின. கூட்டல் எங்கிருந்து வந்தது, பெருக்கல் எங்கிருந்து வந்தது, இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அடச்சே, இவ்வளவுதானா! இதைச் சொல்லத் தெரியாமலா அந்த மனிதர் இத்தனை வாரம் படம் காட்டினார்? கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு எந்தக் கணக்கைப் போட்டாலும் திரும்பப் பெருக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தைய ஞாயிறு, புலி எனக்குப் பரீட்சை வைத்தார். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தவர், 2x² + 7x + 3 என்ற கணக்கில் நின்றார். நான் (2x + 1)(x + 3) என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் (x + 6)(x + 1) என்று எழுதினார்.

"முன்னாடி இருக்கற ரெண்டையும் கடைசியில இருக்கற மூணையும் பெருக்கினா ஆறு. ஆறும் ஒண்ணும் ஏழு. இதுகூடத் தெரியல. போகட்டும், ஒண்ணுதானே தப்பு. தப்புன்னு ஒத்துக்கோ, போய்ச் சேர்ந்துக்கோ."

ஒரு தலையாட்டல் போதும். படிப்பு என் கைக்கு வந்துவிடும். இந்த வீட்டில் தலையாட்டுவது பெரிய காரியமும் இல்லை, எதிரிலேயே ஒருவர் அதையே தொழிலாக வைத்திருக்கிறார். ஆனால் என் கழுத்து அசையவில்லை.

"நான் போட்டதுதான் சரி, மாமா."

புலியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் காகிதத்தைக் கணவர் பக்கம் தள்ளினேன். அவர் லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். பெருக்கத் தெரியாதவர் இல்லை.

"ரெண்டையும் நீங்களே பெருக்கிப் பாருங்க."

உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினார். அண்ணனின் விடை x² + 7x + 6 ஆனது. என்னுடையதைப் பெருக்கியபோது 2x² + 7x + 3 அப்படியே வந்து நின்றது. பேனா நின்றதை நான் பார்த்தேன். அவர் கண் அண்ணனிடம் போனதையும் பார்த்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை நாளும் கணவர் அண்ணனின் தப்பு தெரியாமல்தான் தலையாட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். தெரியாதவரை மன்னிக்கலாம். கையாலேயே பெருக்கி, கண்ணாலேயே பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது?

"தலைக்கனம் பிடிச்சவங்களுக்குப் படிப்பு ஏறாது. இந்த வருஷம் வேணாம்" என்று மதியச் சாப்பாட்டின்போது தீர்ப்புச் சொல்லிவிட்டு, புலி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். கணவர் கூடத்தில் நின்று தரையைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட? வீடு பெருக்கலையா?"

"நேத்து நீங்க நல்லாத்தானே பெருக்கினீங்க" என்று கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றைக் காட்டினேன். "இன்னைக்கும் நீங்களே பெருக்குங்க. சரியா வந்துதான்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டுக்குங்க."