பின்சுவரில் ஊற்று

மத்தியூ சேரின் கவிதை வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'கதவு'. முதல் நாள் ஒரு கவிதையில் கதவு வந்தது. அது எதைக் குறிக்கிறது என்று சேர் கேட்டார். "கதவைத்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே வகுப்பை விட்டு நின்றிருப்பேன். இதில் தேறிப் பட்டம் எடுக்காவிட்டால் வேலை பார்க்கும் பாமசியில் மாத்திரை வெட்டிக் கொடுத்தே காலம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வகுப்பு சனிக்கிழமை காலையில், கண்டி டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில். யாராவது கவிதை எழுதினால் பெயர் போடாமல் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். சேர் ஒன்றை எடுத்து வாசிப்பார், மற்றவர்கள் விளக்கம் சொல்லுவோம். எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம். சில மாதத்தில் நானும் தேறிவிட்டேன். மழை என்றால் துயரம், பறவை என்றால் விடுதலை என்று கேட்கும் முன்னமே சொல்லுவேன்.

ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. அந்தச் சனிக்கிழமை சேர் டின்னிலிருந்து எடுத்து வாசித்தது இது:

கதவு இன்று மூடவில்லை, உதைத்தும்.
எறும்புகள் முட்டையோடு சுவரேறுகின்றன.
அரிசி வாளியை நகர்த்தினால்
தரையில் ஒரு கோடு, விரல் நுழையும்.
பின்சுவரில் புது ஊற்று,
பால் தேநீர் நிறத்தில்.
அம்மா அதில் கை கழுவுகிறாள்.

கம்பளையிலிருந்து வரும் ஜெஸ்மின் முந்திக்கொண்டாள். மூடாத கதவு பெண்ணின் மனமாம். எறும்புகள் இடம்பெயர்ந்த சனம் என்றான் பிரதீஸ். ஊற்று தாய்மை என்று சேர் முடித்துவைத்தார்.

அன்று காலை ஹந்தானை மலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வீட்டுக் கதவை உதை உதை என்று உதைத்தும் மூட முடியாமல் விட்டு வந்தவள் நான். எறும்புகளையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊற்று மட்டும் அப்போது இல்லை. அரிசி வாளியை நான் நகர்த்திப் பார்த்ததில்லை.

"இத யாரு எழுதினது?" என்றேன்.

"நிரஞ்சனி, சட்டம் தெரியுந்தானே" என்றார் சேர்.

"சட்டத்த விடுங்க சேர். யாரு?"

ஒவ்வொருவராக இல்லை என்று தலையாட்டினார்கள். சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையெழுத்து யாருடையதென்று அவருக்கும் தெரியவில்லை. நான் தாளைப் பறித்துக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த அரிசி வாளியை நகர்த்தினேன். கோடு இருந்தது. விரலை வைத்தேன், நுழைந்தது. உள்ளே ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

"அம்மா!"

"பின்னால இருக்கேன்டி."

அம்மா பின்சுவரோரம் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். சுவரடியிலிருந்து கலங்கல் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"பாரு, நம்ம கோயில் மாடசாமி குடுத்த தண்ணி. இனிமே தண்ணி புடிக்கப் பீலிக்குக் கொடம் தூக்கத் தேவையில்ல. எறும்பும் முட்டையோட ஏறுது. வீட்டுல நல்ல காரியம் நடக்கப்போவுதுன்னு அர்த்தம்."

டவுனிலும் அர்த்தம், இங்கேயும் அர்த்தம்! "மலை சரிஞ்சு எறங்கப் போவுதும்மா, வா" என்று கத்தினேன். இந்த மலையில் நான் பார்க்காத மழையா என்று அம்மா சட்டை செய்யவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் உதறுகிறாள். வேறு வழி தெரியாமல் தாளை விரித்து வாசித்தேன்.

கடைசி வரியில் அம்மாவின் கைகள் அப்படியே நின்றன.

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்லம்மா. அதோட முடிஞ்சிருச்சு."

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இராஜகுமாரி, புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வா!"

லயம் முழுவதும் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுவது போல இருந்தது. மழை சற்று விலகியபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். ஆளை ஆள் கட்டிப்பிடித்து அழுதோம். அம்மா உயிரோடு என் பக்கத்தில் இருந்தாள், எனக்கு அது போதும்.

அம்மா மட்டும் அழவில்லை. என் மடியில் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாளிக்கு அடியில கெடந்த கோட்டப் பாத்திருக்காங்க. நான் கை கழுவுறதப் பாத்திருக்காங்க. வீட்டுக்குள்ள இருந்தாத்தானே பாக்க முடியும்?"

"யாரம்மா சொல்ற?"

"அத எழுதினவங்களத்தான். நாம எல்லாரையும் கூப்பிட்டோம். அவங்கள யாரு கூப்பிட்டா?"

அம்மா எழுந்து மழைக்குள் இறங்கி, அந்த மண்ணைப் பார்த்து நின்றாள். என்ன பெயரென்று தெரியாததால், "ஏங்க... வாங்க, வெளிய வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினாள்.