கோட்டில்லாத வாதம்

ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறின. நான் விடைத்தாளிலிருந்து நிமிர்வதற்குள், தர்க்கவியல் பாடம் நடத்தும் பெரியவர் தன் போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்து வந்தது என் குரல்.

"குர்ஆன் படைக்கப்பட்டதுதான். என்றென்றும் இருந்தது என்பவன், இறைவனுக்குப் பக்கத்தில் இன்னொரு அநாதியைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறான்."

அவ்வளவுதான் காணொளி, நேற்று என் வகுப்பில் யாரோ எடுத்தது. குர்ஆன் படைக்கப்படாதது என்பதுதான் எங்கள் கல்லூரியின் நம்பிக்கை. பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்னப்பா பேச்சு?"

"பாடம்ங்க. அந்தக் காலத்து முஃதஸிலாப் பிரிவோட வாதம். நேத்து வாதம், இன்னிக்கு மச்சான் பதில் சொல்லணும். நாங்க வழக்கமா பண்றதுதானே."

"அது தெரியும். கோட்டு எங்க?"



இறையியல் வரலாற்றை நானும் என் தங்கை கணவரும் ஜோடியாக நடத்துகிறோம். எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு நிறுத்த வேண்டும், பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கால அறிஞர்களின் முறை. நோஞ்சானை நிறுத்திவைத்து வீழ்த்துவதில் என்ன வீரம்? அதனால் ஒருவர் எதிர்வாதி, மற்றவர் மறுநாள் பதில். எதிர்வாதி ஒரு பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்வார். கோட்டுக்குள் இருப்பவர் பேசுவது அவருடைய நம்பிக்கை அல்ல என்பது கடைசி பெஞ்சுவரை தெரியும். மச்சானுக்கு அது தொளதொள, எனக்கு இறுக்கம். இருவர் வியர்வையும் கலந்து, அது யாருடைய கோட்டு என்பதே மறந்துவிட்டது.

நேற்று காலை வகுப்பு வாசலில் மச்சான் வெறுங்கையோடு நின்றார். "கோட்டு சலவையில இருக்கு மச்சான். பரவால்ல, இன்னிக்கு அப்படியே வெளுத்து வாங்குங்க." நானும் வாங்கினேன். துறைத்தலைவர் நாற்காலி காலியாகி, அதற்கான தேர்வில் நாங்கள் இருவர் மட்டும் எஞ்சியிருந்த சமயம். 'நாற்காலி உங்களுக்குத்தான், எனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?' என்று அவர் சொல்லிச் சொல்லி, என் மனம் ஏற்கெனவே அதில் போய் உட்கார்ந்திருந்தது. உற்சாகத்துக்குக் கேட்பானேன்?

மதியம் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் போன், போனில் நான். பக்கத்து நாற்காலியில் மச்சான். அவரைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது.

"உங்க மச்சான் சொல்றபடி இது பாடம் நடத்துற முறைதானா?" என்று தாளாளர் அவரைக் கேட்டார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். மச்சான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "கோட்டு இல்லாம அவர் எதிர்வாதம் பேசி நான் பார்த்ததில்லீங்க."

பொய்யில்லை. நேற்றுவரை நானே பார்த்ததில்லை.

"கோட்டு சலவையில இருந்துச்சுங்க. மச்சான்தான் சொன்னாரு" என்றேன். மச்சான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"அப்போ சலவைக்கடை ரசீதைக் கொண்டு வந்து காட்டுங்க. அதுவரைக்கும் நீங்க வகுப்புக்குப் போக வேண்டாம். மத்ததை அப்புறம் பார்க்கலாம்." அந்த 'மற்றதில்' என் வேலையும் நாற்காலியும் சேர்ந்தே இருந்தன.

வெளியே வந்ததும் மச்சானைக் காணவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? வேறொரு வகுப்புதான் நினைவுக்கு வந்தது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு கலீஃபா அறிஞர்களை விசாரணைக்கு இழுத்த கதையை நடத்திக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் தலையாட்டினார்கள், மறுத்த சிலர் சிறையும் சவுக்கும் கண்டார்கள். அப்போது பின்னாலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "நானா இருந்தா கலீஃபா கேள்வியை முடிக்கிறதுக்கு முன்னாடியே தலையாட்டியிருப்பேன். கழுத்து ஒண்ணுதானே இருக்கு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தலையாட்டியவர்களைப் பாவிகள் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயந்தவன் பயந்தவன்தான், துரோகி இல்லை. மச்சானும் பயந்துவிட்டார். போகட்டும். ரசீது கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அப்படியே தங்கை வீட்டுக்கு நடந்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்று முகம் சொன்னது.

"வாங்கண்ணே. அவரு இன்னும் வரலியே. என்ன, முகமெல்லாம் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் கறுப்புக் கோட்டை எந்தச் சலவைக்கடையில போட்டிருக்கீங்க? ரசீது வேணும்."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். அவளுடைய துணிகளுக்கும் மச்சானின் வெள்ளைச் சட்டைகளுக்கும் நடுவே கோட்டு தொங்கியது. எடுத்துத் தடவினேன். இடது கைப்பகுதியில் போன மாதம் நான் தேய்த்துக்கொண்ட சாக்பீஸ் கறை அப்படியே இருந்தது. கழுத்துப்பட்டையில் பழைய வியர்வை வாடை.

"சலவையிலிருந்து எப்ப வந்துச்சு?" என்றேன்.

"சலவைக்கு யாருண்ணே போட்டா? நேத்து காலையில நான்தான் எடுத்து அவர் கையில நீட்டினேன். 'வேணாம், உங்கண்ணன் இன்னிக்கு இது இல்லாமலே பேசட்டும்'னு சொல்லித் திருப்பி மாட்டிட்டுப் போனாரு."