மஞ்சள் வளையம் போட்ட நாய்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் எட்டு வீடு, பதினொரு நாய். அதில் எட்டு நாய் என் பவுனுவின் வம்சம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லாம் ஒரே செம்மண் நிறம், எல்லாவற்றுக்கும் இடது காது மடங்கியிருக்கும், எல்லாம் ஒரே மாதிரி வாலை ஆட்டும். சாயந்திரம் "பவுனு" என்று கூப்பிட்டால் நாலு வந்து நிற்கும். வேண்டியவள் மட்டும் வரமாட்டாள்.

ஐந்து வருஷத்தில் ஐந்து ஈற்று, இருபத்தேழு குட்டி. கண் திறக்காத குட்டியைப் பார்க்க லயமே கூடும். "ஐயோ, என்னா அழகு" என்பார்கள். கண் திறந்து, கோழியைத் துரத்தி, செருப்பைக் கடிக்க ஆரம்பித்ததும் ஒருத்தரையும் அந்தப் பக்கம் காணக் கிடைக்காது. தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்றிரண்டை அக்கம்பக்கத்தில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். மீதியை நான்தான் உரச்சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். தெரணியகலை டவுனில் மீன் கடைக்குப் பின்னால் சாக்கை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். பவுனு பாலம் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருவாள்.

கடைசித் தடவை வீட்டுக்குத் திரும்பியதும் அவள் என் கையை முகர்ந்தாள். பிறகு சாக்கை முகர்ந்தாள். பிறகு மறுபடியும் என் கையை. கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் நக்கினாள். நாயை வளர்த்தது நான், அவிழ்த்துவிட்டது நான், பாவத்தை மட்டும் மீன் கடைக்காரன் தலையில் கட்டினால் எப்படி? இனி அந்தச் சாக்கைத் தூக்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

முடிவு கட்டினால் போதுமா, வழி வேண்டாமா? வழி ஒரு திங்கட்கிழமை காலை பெரட்டில் வந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, வேலையை மேற்பார்வை பார்க்கும் வெளிக்கள ஐயா அறிவித்தார். சனிக்கிழமை நாய் டொக்டர் வருகிறார், பெட்டை நாய்களுக்கு இலவசமாகக் கருத்தடை ஆபரேஷன், இடம் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம், பதினைந்து நாய்க்கு மட்டும்தான். அடுத்தது எப்போது என்று கேட்டேன். "அது கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். கார்த்திகையில் பவுனுவுக்கு மறுபடி காலம் வந்துவிடும். விட்டால் ஆறாவது ஈற்று, ஆறாவது சாக்கு. முதல் பெயராக என் பெயரைக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கையா அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அவர் கோவில் கமிட்டித் தலைவர். தேங்காய் உடைப்பதிலிருந்து தேர் இழுப்பது வரைக்கும் அவரைக் கேட்காமல் எங்கள் தோட்டத்தில் ஒன்றும் நடக்காது.

"நாய் வைரவரோட வாகனம் தங்கச்சி. அது வயித்துல கத்தி வைக்கிறது பாவம். தோட்டத்துக்கே ஆகாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மூணாவது புள்ளைக்கு அப்புறம் எனக்கு ஆபரேசன் செஞ்சாங்களே அண்ணே, அப்ப எந்த சாமியும் உங்க கனவுல வரலியா? நாய்க்கின்னா மட்டும் பாவமா?"

பெரட்டே சிரித்தது. அவர் முகம் சுருங்கிப் போனது. உடனே அவர் சம்சாரம் பிரேமலதா முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க சிட்டுவ எவளாச்சும் தொட்டுப் பாக்கட்டும், கைய ஒடிச்சிருவேன்!"

சிட்டு பவுனுவின் மகள், போன வருஷம்தான் ஒரு ஈற்று ஈன்றிருந்தது. பிரேமலதா யார்? ரப்பர் பால் வெட்டும்போது எனக்கு அடுத்த வரிசைக்காரி. என் சோற்றில் பாதி அவள் சோறு. சிட்டுவின் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு என்கூடவே பஸ் ஏறி, தெரணியகலை வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவள். அவளா இப்படிப் பேசுவது? ஐந்து நாள் அவளோடு நான் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது லேசான காரியமா? நாக்கே வீங்கிப் போனது.

சனிக்கிழமை எனக்கு வேலை. மழை விட்ட நாளில் ரப்பர் மரத்தை வெட்டாமல் விட்டால் பெயர் கிடைக்காது, அன்றைய சம்பளம் போச்சு. வெட்டிய பாலைச் சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரப் பதினொரு மணியாகிவிடும். ஆகவே நாயைக் கொண்டுபோகும் பொறுப்பு என் வீட்டுக்காரர் ஸ்ரீதரன் தலையில் விழுந்தது. அவர் ஸ்டோரில் இராக்காவல் முடித்துவிட்டு, விடிந்ததும் வந்து படுக்கிற மனுஷன். தூக்கக் கலக்கத்தில் கட்டின பொண்டாட்டியையே அடையாளம் தெரியாது. ஒரே முகத்தில் எட்டு நாய் திரிகிற லயத்தில் இவர் எதைப் பிடிப்பாரோ?

அதற்கும் ஒரு யோசனை செய்தேன். எங்கள் தோட்டத்தில் வெட்டிச் சாய்க்கப் போகிற கிழட்டு ரப்பர் மரங்களுக்கு மஞ்சள் பெயின்டில் ஒரு வளையம் போடுவோம். வளையம் போட்ட மரத்தை வெட்டுகிறவன் கேள்வி கேட்கமாட்டான், வெட்டுவான். போன மாதம் நானும் பிரேமலதாவும்தான் அந்த வேலையைச் செய்தோம். மீந்துபோன பெயின்டை ஆளுக்கொரு டின்னாக வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லயமே பார்க்க வாசலில் பவுனுவைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து, வாலில் ஒரு வளையம் போட்டேன். அவள் நெளிந்த நெளிப்பில் வளையம் கோணிக்கொண்டு போனது. போனால் போகட்டும், மஞ்சள் மஞ்சள்தானே?

டொக்டர் சொன்னபடி இரவு அவளுக்குச் சோறு வைக்காமல் வாசலில் கட்டிப்போட்டேன். பக்கத்து வீட்டில் தங்கையா அண்ணன் சத்தம் கேட்டது. "ஏன் லதா, சிட்டு அப்பலேருந்து ஊளையிடுது, சோறு வைக்கலியா?" அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, நான்தான் கோபமாக இருந்தேனே.

விடியற்காலையில் இவர் வந்ததும் மூன்று தடவை படித்துப் படித்துச் சொன்னேன். "மஞ்ச வளையம் போட்ட நாய புடிச்சி மடுவத்துல குடுங்க. திங்க ஒண்ணும் குடுக்காதீங்க. குடுத்துட்டு வந்து தூங்குங்க." மூன்று தடவையும் தலையாட்டினார்.

அன்றைக்கு மலையில் என் கத்தி ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வரிசையில் பிரேமலதாவும் தலை நிமிராமல் வெட்டினாள். பத்தரைக்கே பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியோடு பிள்ளை மடுவத்துக்கு ஓடினேன். வாசலில் இவர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சி கலா! பதினாலாவது நாய் நம்மளோடதுதான்."

உள்ளே போனேன். ஒரு காலத்தில் என் பிள்ளைகள் தூங்கிய தரையில் நாய்கள் வரிசையாக மயக்கத்தில் கிடந்தன. கடைசியில் ஒரு செம்மண் நிறம், மடிந்த காது, வாலில் மஞ்சள். குனிந்து முகத்தைப் பார்த்தேன். என் பவுனுவின் மூக்கில் பூனை பிறாண்டிய தழும்பு இருக்கும். இதில் இல்லை.

"அடப்பாவி மனுஷா! இது பிரேமலதாவோட சிட்டு!"

"மஞ்ச வளையம் இருந்திச்சே? நீதானே சொன்ன!"

"அப்ப பவுனு எங்க?"

தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். கடித்துவிடுவாளோ என்ற பயத்தில் உரச்சாக்கை எடுத்துக்கொண்டு அவளிடம் போயிருக்கிறார். சாக்கைக் கண்டதும் பவுனு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாளாம். தேடிப் போனபோது லயத்துப் பின்புறத்தில் மஞ்சள் வளையத்தோடு ஒன்று சாதுவாகப் படுத்திருந்ததாம். "நல்லதாப் போச்சுன்னு தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

சாக்கைக் கண்டால் ஓடாமல் என்ன செய்வாள்? அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஐந்து தடவை அந்தச் சாக்கு வாய் திறந்தது, ஐந்து தடவையும் அவள் பிள்ளைகள்தானே அதற்குள் போனார்கள்.

டொக்டர் அம்மா சிங்களத்தில் அதட்டினார். "அக்கே, மே பெயின்ட் கவுத காவே?" யார் பெயின்ட் பூசியது என்று கேட்கிறார். பல்லைக் காட்டினேன். இன்னும் ஒரு நாய்க்குத்தான் மருந்து இருக்கிறது, அரை மணி நேரம் பொறுப்பேன், பிறகு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார்.

வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பவுனு எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிரசவம் பார்த்தவளுக்குத்தானே இடம் தெரியும்? லயத்துக் கோடியில் கூரை விழுந்த ஒரு வீடு இருக்கிறது. அதன் பின்னால் அடுக்கிய விறகுக்கு அடியில்தான் ஐந்து தடவையும் குட்டி போட்டாள். அங்கேதான் இருந்தாள், வெறும் மண்ணைக் காவல் காத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் உறுமினாள்.

முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"பாருடி, சாக்கு இல்ல. சத்தியமா இல்ல. இனிமே எப்பவும் இல்ல. வாடி என் தங்கம்."

ஒரு கையைப் பார்த்தாள். மறு கையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் தவழ்ந்து வந்து என் மடியில் தலையை வைத்தாள். பதினெட்டு கிலோவாவது இருப்பாள். பிள்ளையைத் தூக்குவது மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே அவள் வம்சம் முழுக்க ஊர்வலமாக வந்தது. மடுவத்து வாசலில் டொக்டர் அம்மா கைதட்டிச் சிரித்தார். பதினைந்தாவது நாய் என் பவுனு.

அவளை உள்ளே கொடுத்துவிட்டு மூச்சு வாங்குவதற்குள் தங்கையா அண்ணன் வந்துவிட்டார். பின்னாலேயே பிரேமலதா மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் டொக்டர் வந்த வேனுக்குப் பின்னால் மறைந்துகொண்டார், வீரன்!

"யாரக் கேட்டு எங்க நாய அறுத்தீங்க?" என்று அவர் குதித்தார்.

"ஐயோ என் சிட்டு! என் கண்ணு!" என்று அவள் ஒப்பாரி வைத்தாள்.

நியாயமான கோபம்தானே. அடுத்தவன் நாயைக் கேட்காமல் ஆபரேஷன் செய்தது தப்புத்தான். தலை குனிந்தேன். அப்போதுதான் மயங்கிக் கிடந்த சிட்டுவின் வாலை ஒழுங்காகப் பார்த்தேன்.

அடி ஆத்தி! என்ன வளையம்! நான் போட்டது மாதிரி கோணல் இல்லை. இரண்டு விரல் அகலம், நூல் பிடித்தது மாதிரி நேர். முடிகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு சின்னக் கொம்பு. மலையில் நூறு மரத்துக்கு வளையம் போட்டாலும் நூறிலும் அந்தக் கொம்பை வைப்பவள் இந்தத் தோட்டத்தில் ஒருத்திதான்.

நிமிர்ந்து பிரேமலதாவைப் பார்த்தேன். அவள் ஒப்பாரியை நிறுத்தாமலே ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, தங்கையா அண்ணன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தப்பு எங்க மேலதான் அண்ணே. பெயின்ட் பூசினது நான், நாய மாத்திப் புடிச்சது இந்த மனுஷன். வேணும்னு செய்யல. வைரவருக்கு ஒரு தேங்கா ஒடைச்சிர்றேன்."

"ஒண்ணு பத்தாது!"

"மூணு."

கூட்டத்துக்கு முன்னால் நான் கும்பிட்டதில் அவர் மனம் குளிர்ந்து போயிருக்க வேண்டும். பெரட்டில் பட்ட அவமானமும் அதோடு தீர்ந்தது. "சரி, சரி, நடந்தது நடந்துபோச்சு" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். போகும்போது சிட்டுவின் தலையையும் மெதுவாக ஒரு தடவை தடவினார். ஆள் கெட்டவர் இல்லை.

சாயந்திரம் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே பிரேமலதா துணி அலசிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மஞ்சள் போகவே இல்லை.

"ஏன்டி கல்லுளிமங்கி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்ககிட்ட சொன்னா லயத்துக்கே சொன்ன மாதிரிக்கா" என்றாள். உள்ளதைத்தானே சொன்னாள். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "பாவம்னு சொல்றவரு சொல்லிட்டு தூங்கிருவாருக்கா. சாக்கத் தூக்கிட்டு பஸ்ஸேறுறது நாந்தானே?"

"அதுக்காக கைய ஒடிப்பேன்னியே?"

"ஒடிக்கிறதுக்கு எங் கை இருக்கே" என்று மஞ்சள் நகத்தை நீட்டினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. ஐந்து நாள் பாக்கிப் பேச்சை அன்றைக்கே பேசித் தீர்த்தோம்.

இந்த ரகசியத்தை இன்று வரைக்கும் நான் லயத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என்னாலும் முடியும்.

அந்த உரச்சாக்கைப் பிரித்து, அலசிக் காயவைத்து, பவுனு படுக்க வாசலில் விரித்தேன். அவள் கிட்டவே வரவில்லை. புண் ஆறுகிற வரைக்கும் வெறும் சிமெந்துத் தரையில்தான் படுத்தாள். நான் திட்டவும் இல்லை, சாக்கை எடுக்கவும் இல்லை. கார்த்திகை வந்தது. பவுனுவைத் தேடி ஒரு கடுவன் நாயும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. மலையில் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் நனைந்துபோய் வேலை இல்லாமல் திரும்பி வந்தேன். சாக்கின் நடுவில் பவுனு சுருண்டு கிடந்தாள், அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிட்டு. இரண்டும் குறட்டை விட்டன.

உள்ளே போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இவர் கதவைத் திறந்து, "ஏன் மழையில நிக்கிற, அதுகள எழுப்பிவிட்டுட்டு வா" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்றேன். "எம் புள்ள அவ புள்ளயோட தூங்குறா."