ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

என் மனைவி குருவம்மா தையல் மையத்துக்குள் இருக்கிறாள். மையம் இன்னும் திறக்கப்படவில்லை. அதனால் அவள் வெளியே வர முடியாது.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விழாவுக்கு முன்னால் தரையைக் கூட்டிவிட்டு வருகிறேன் என்று விளக்குமாற்றோடு உள்ளே போனாள். அவள் கூட்டி முடிப்பதற்குள் வாசலில் ரிப்பன் கட்டிவிட்டார்கள். சிவப்பு ரிப்பன். இடுப்பு உயரம். ஒரு வாழை மரத்திலிருந்து எதிர் வாழை மரம் வரை. கட்டிய ரிப்பனைச் சிறப்பு விருந்தினர்தான் வெட்ட வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார்.

அந்த வாழை மரங்கள் எங்கோ வெட்டிக் கொண்டுவந்து கட்டியவை. இப்போது வேர் விட்டு, குலை தள்ளி, பக்கத்தில் கன்றும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் வேப்பங்கரிசல். சுற்றிலும் கரிசல் காடு. கம்பெனி எங்களைத் தத்தெடுத்திருக்கிறது. என்ன கம்பெனி, அங்கே என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வடக்கே ஒரு குழாயில் வெள்ளையாகப் புகை வரும். தத்தெடுத்த மறுநாளே எங்கள் எல்லோருக்கும் அப்பா பேர் போய், கம்பெனி பேருக்கு இனிஷியல் மாறிவிட்டது. ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவிளக்கு வந்தது. ஆடு வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. இனிஷியலுக்காகப் போய் யார் சண்டை போடுவார்கள்?

மையத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜெபராணி மேடம். கம்பெனியின் நலத்திட்ட அலுவலர். கழுத்தில் அட்டை தொங்கும். நல்ல மனுஷி. ரிப்பனுக்கு இந்தப் பக்கம், பந்தலில், ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். மேஜைமேல் ஒரு தட்டு. தட்டில் ஒரு கத்தரிக்கோல். அதற்குத் தினமும் குங்குமம் வைப்பார்.

"மேடம், எம் பொண்டாட்டிய வெளிய விடுங்க," என்றேன்.

"நாங்க யாரையும் பிடிச்சு வைக்கலையே. திறப்பு விழா முடிஞ்சதும் வந்துடுவாங்க."

"சோறு கொண்டாந்துருக்கேன்."

"பொருள் போகலாம். ஆள்தான் போகக் கூடாது."

தூக்குவாளியை ரிப்பனுக்கு மேலாக நீட்டுவேன். குருவம்மா வந்து வாங்கிக்கொள்வாள். எங்களுக்கு நடுவில் அந்த ரிப்பன் ஒன்றுதான் இருந்தது. கம்பெனி கொடுத்த ஆடுகள் அதற்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தன. ஆட்டுக்கு விழா மரியாதை தெரியாது.

"ஏங்க, குனிஞ்சு உள்ள வாங்களேன்," என்றாள் ஒருநாள். "ஆடு வரலையா?"

"நான் ஆடா? ஊரே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு. நீ குனிஞ்சு வெளிய வா."

"தெறக்குறதுக்கு முந்தி நான் வந்தா எனக்கு ஒதுக்குன தையல் மிஷினு அடுத்தவளுக்குப் போயிரும்."

"அப்ப இரு."

"இருக்கேன்."

யார் குனிவது என்பது எங்களுக்குள் கல்யாணத்தன்றே தொடங்கிய வழக்கு. இருவரும் ஒரே உயரம். மாலை மாற்றும்போது அவளும் குனியவில்லை, நானும் குனியவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரிய மனுஷர்களும் சேர்ந்து எங்கள் தலைகளைப் பிடித்து அமுக்கினார்கள். இப்போது அமுக்குவதற்கு ஆள் இல்லை.

மையம் ஒரே ஓர் அறைதான். ஆனால் கம்பெனிக்கு மாதம் தவறாமல் நல்ல செய்தி போக வேண்டும். "மையம் விரிவடைந்து வருகிறது" என்று ஜெபராணி மேடம் சொல்லி அனுப்புவார். அவர் சொன்ன சொல் தவறாதவர். அறை நீண்டது. வெளியே சுவர் அதே இடத்தில்தான் இருந்தது. உள்ளே மட்டும் நீண்டுகொண்டே போனது. குருவம்மாவின் மிஷின் முதலில் வாசலை ஒட்டி இருந்தது. பிறகு ஜன்னலுக்கு அப்பால் போனது. பிறகு அவள் இருமுவது மட்டும் கேட்டது. பிறகு மிஷின் சத்தம் மட்டும். அவள் நடந்து வந்து தூக்குவாளியை வாங்குவதற்குள் சோறு ஊசிப்போகத் தொடங்கியது.

"உள்ள என்னதான் செய்யுத?" என்று கேட்டேன்.

"பொன்னாடைக்கு ஓரம் அடிக்குதேன். கம்பெனி நடத்துற விழாவுக்கெல்லாம் இங்கருந்துதான் போகுதாம்."

திறக்காத மையத்தில் வேலை நடக்கலாமா என்று ஜெபராணி மேடத்திடம் கேட்டேன். வேலைக்கும் திறப்புக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

குருவம்மாவின் தையலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். மூலையில் திரும்பும் இடத்தில் ஒரு தையல் கூடுதலாகப் போடுவாள். என் சட்டைக் காலரில்கூட அது உண்டு. அவள் கைபட்டது எதுவும் பிரியக் கூடாது அவளுக்கு.

ஆம்பளை இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறேன். என் மனசு அவளைத் தேடியது. வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் தலையணையில் அவள் முடி ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போடாமல் அந்தப் பக்கத்தை விட்டே படுத்துக்கொண்டேன்.

"சிறப்பு விருந்தினர நானே போய்க் கூட்டிட்டு வாரேன்," என்றேன் ஜெபராணி மேடத்திடம்.

"போங்களேன். பாதி வழி வந்துட்டாராம்."

"எந்தப் பாதி?"

"அவர் பக்கத்துப் பாதி."

ரிப்பன் ஓரமாக நின்று அறைக்குள் கத்தினேன். "ஏ குருவு! விருந்தாளியக் கூட்டியாரப் போறேன்!"

சத்தம் போனது. ஓர் ஆடு அதன் பின்னால் போனது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க!"

மெயின் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின் கதவு திறந்திருந்தது. பின் இருக்கையில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் யாரும் இல்லை. துண்டு மட்டும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் குழிந்திருந்தது.

"சிறப்பு விருந்தினர் எங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஏறுங்க சார்."

"நான் அவரக் கூட்டிட்டுப் போக வந்தவன்."

"அதான் சார், ஏறுங்க. நீங்க ஏறாம அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏறினேன். அந்தக் குழி எனக்கு அளவாக இருந்தது. கார் எங்கள் ஊருக்கு எதிர்த் திசையில் திரும்பியது.

"எங்க ஊரு அந்தப் பக்கம்."

"வழியில சின்னச் சின்ன விழா இருக்கு சார். முடிச்சுட்டுப் போயிடலாம்."

முதல் ஊரில் ஆட்டுக் கொட்டகை. ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே ஒரு மனிதர் தவிட்டு வாளியோடு உட்கார்ந்திருந்தார். தாடி முழங்காலைத் தொட்டது. என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். வெட்டினேன். அவர் எழுந்து வெளியே வந்தார். கூட்டத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் வாளியை வாங்கிக்கொண்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு தையல் கூடுதலாக இருந்தது.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். உள்ளதைச் சொன்னேன். "நான் சிறப்பு விருந்தினர் இல்ல. எம் பேரு அய்யம்பெருமாள். எனக்கு வேப்பங்கரிசல். எம் பொண்டாட்டிய வெளிய கூட்டிட்டு வரணும்னு கெளம்புனேன்."

பலமாகக் கைதட்டினார்கள். "எம்புட்டு எளிமையாப் பேசுதாக பாருங்க," என்றார் முன்வரிசையில் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஊரில் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து கழிப்பறை. உள்ளே இருந்தவர் ரொம்பவும் கோபமாக வெளியே வந்தார். பஸ் போகாத ஊரில் ஒரு பஸ் நிறுத்தம். இன்னோர் ஊரில் கட்டடம் என்று எதுவுமே இல்லை, ரிப்பன் மட்டும் கட்டியிருந்தார்கள். வெட்டினேன். இரண்டு பக்கமும் நின்றவர்கள் நிம்மதியாக இடம் மாறிக்கொண்டார்கள்.

ஊருக்கு ஊர் பொன்னாடை. எல்லாம் அவள் ஓரம் அடித்தவை.

"கழட்டி டிக்கியில போடுங்க சார்," என்றார் டிரைவர். "எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

டிக்கியில் ஸ்டெப்னி கிடந்தது. கிரீஸ் டப்பா கிடந்தது. அங்கே போய் அவள் கைவேலையைப் போட எனக்கு மனசு வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டேன். முதலில் கழுத்து திரும்பாமல் போனது. பிறகு கை மடங்காமல் போனது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவளைப் போர்த்திக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அவ்வப்போது ஜெபராணி மேடம் போனில் கூப்பிடுவார்.

"வந்துகிட்டே இருக்கோம் மேடம்," என்பார் டிரைவர்.

ஒருமுறை போனுக்குள், பின்னால், தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கட் பண்ண வேண்டாம் என்றேன். டிரைவர் போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்தார். பருத்திக் காடுகள் பின்னால் போயின. மிஷின் ஓடும், நிற்கும், ஒரு தையல் கூடுதலாகப் போடும், மறுபடி ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது அந்த நேரம்தான்.

வேப்பங்கரிசலின் வாசலில் இப்போது வாழைத் தோப்பு இருந்தது. கார் அதற்குள் நுழைந்து வெகுதூரம் போனது. இலைகள் கண்ணாடியைத் துடைத்தன. தோப்பு முடிந்த இடத்தில் மேளம் அடித்தார்கள்.

எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். என் மச்சான் சண்முகவேல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவன் அவன்.

"ஏ மச்சான், நான்தாம்ல," என்றேன்.

கைதட்டினார்கள். "ஐயாவுக்கு நம்ம ஊர்ப் பேச்சு எப்படி வருது பாருங்க," என்றான் அவன்.

ஜெபராணி மேடம் வரவேற்றார். முதலில் மரியாதை, பிறகுதான் ரிப்பன் என்றார். இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார். அதுவரை எனக்கு முழங்கை கொஞ்சம் மடங்கிக்கொண்டிருந்தது. அதோடு அதுவும் நின்றது.

கத்தரிக்கோலை விரல்களுக்கு இடையில் சொருகினார்கள். ரிப்பன் அதே இடுப்பு உயரத்தில் இருந்தது. என் இடுப்பு பொன்னாடைகளுக்கு உள்ளே எங்கோ இருந்தது. கையை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. கத்தரிக்கோல் ரிப்பனுக்கு ஒரு முழம் மேலே, காற்றை வெட்டியது.

"போதும் சார், போட்டோ வந்துருச்சு," என்றார் போட்டோக்காரர்.

கைதட்டினார்கள். ஜெபராணி மேடம் கத்தரிக்கோலை வாங்கித் தட்டில் வைத்தார். ரிப்பனை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்ல ரிப்பன். அடுத்த விழாவுக்கும் ஆகும்," என்றார்.

"மேடம், வெட்டலியே," என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அறையின் உள்ளே வெகுதூரத்தில் ஒரு புள்ளி அசைந்தது. குருவம்மா வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் வாழ்த்துரை முடிந்தது. நன்றியுரையும் முடிந்தது. ரிப்பன் அருகில் வந்து நின்றாள். சேலையெல்லாம் நூல் துண்டுகள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னாடையின் மூலையைப் பார்த்தாள். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்து, பல்லால் கடித்துத் துப்பினாள். அவள் தலை என் நெஞ்சுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"குருவு," என்றேன்.

கைதட்டினார்கள்.

"ஐயா எம் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காக," என்று அவள் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

குனிந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஊர் பார்க்கட்டும், மச்சான் பார்க்கட்டும். ஆடு மாதிரி நுழைந்துவிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். பொன்னாடைகள் மடங்கவில்லை. ஒரு விரற்கடைகூட மடங்கவில்லை. அவள் ஓரம் அடித்தது அவ்வளவு கெட்டி. டிரைவர் ஓடி வந்து, "சார், விழுந்துடாதீங்க," என்று தாங்கிப் பிடித்தார்.

"அடுத்த விழாவுக்கு நேரமாச்சு சார்," என்று என் காதில் சொன்னார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் குருவம்மா. குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு உங்களக் கூட்டியாரணும்னுதான் போனாரு. வழியில எங்கயும் பாத்தீகளா?"

நான் அவளையே பார்த்தேன்.

"வறட்டு வீம்பு புடிச்ச மனுசன். இந்த ரிப்பனுக்குக் குனிய மாட்டேன்னுட்டாரு." ஒரு விரலால் ரிப்பனைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். "பாத்தா நீங்க சொல்லணும்யா. மிஷினு போனாப் போகுது. அவரு வந்து அந்தப் பக்கம் நின்னாப் போதும். நானே குனிஞ்சு வந்துருதேன்."

டிரைவர் என்னைக் காரை நோக்கித் திருப்பினார். நான்தான் என்று சொன்னால் கைதட்டுவார்கள். அவளும் சேர்ந்து கைதட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"வந்துக்கிட்டே இருக்காரு," என்றேன்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அவள் முகம் தெளிந்தது. தலையை ஒதுக்கிக்கொண்டாள். சேலையில் ஒட்டியிருந்த நூலையெல்லாம் தட்டிவிட்டு, ரிப்பனை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, நான் போகிற ரோட்டையே பார்க்கத் தொடங்கினாள்.