ஊறல் கேஸ்

என் வாய்தான் என் பெண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்பியது. ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். போலீஸ் அநியாயம் என்பார்கள், மலைக்காரன் மாட்டிவிட்டான் என்பார்கள். அதெல்லாம் சும்மா. நீதான் அம்மாசியா என்று கேட்ட போலீசிடம், கேட்காததையும் சேர்த்துப் போனில் ஒப்பித்தது நான்தான்.

செல்லியம்மாளுக்குப் பதினாலு மாதமாக உடம்பில் தடிப்பு. முதலில் முழங்கையில் நாலு எழும்பியது, சிவப்பாக, காசு அகலத்துக்கு. அப்புறம் கழுத்து, இடுப்பு, தொடை. எங்கள் பக்கத்தில் இந்த அரிப்புக்கு ஊறல் என்றுதான் பேர். உடம்பு ஊறுது என்போம், ஊறல் எடுக்குது என்போம். காணாக்கடி என்றார்கள் சிலர், கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டதாம். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னக் கொடுத்தேன். கச்சிராயபாளையத்தில் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்கி எழுதினோம். முதுகு முழுக்கக் காவியில் சிங்கமும் கோடுமாக எழுதிக்கொண்டு வந்தாள். அந்தக் காவி காய்வதற்குள் அதன் மேலேயே சொறிந்தாள்.

சொறிகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கூட இருந்து கேட்டவனுக்குத்தான் தெரியும். நகம் தேய்ந்து போனால் தேங்காய் நார். நார் போதாவிட்டால் சீப்பு. ஒருநாள் கரும்பு வெட்டும் கத்தியின் முதுகால் தேய்த்துக்கொண்டிருந்தாள், ரத்தம் வழிகிறது, அது அவளுக்குத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்துத் துண்டால் கட்டிப்போட்டேன். திட்டினேன். அடித்தும் இருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். இது நின்றால் போதும், வீடு பழையபடி வீடாக இருந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த நினைப்பில்தான் அடித்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

களையெடுக்கும் கூட்டத்தில் அவளை ஒதுக்கிவிட்டார்கள். நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். "செல்லி, நீ அந்தக் கடைசி பாத்தியில இரு" என்பார்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் அனுப்ப மாட்டார்கள். இரண்டு மாதத்தில் வேலைக்குக் கூப்பிடுவதே நின்றது. ஒரே மகள் எழில்மதி திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள், வா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஹாஸ்டலில் என்னை எங்கே படுக்க வைப்பாய் என்று இவள் போகவில்லை. ஆக, இந்தப் பதினாலு மாதமும் அவள் எங்கள் ஒற்றை அறை வீட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே தங்கியதில்லை.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போனோம். டாக்டரம்மா நல்ல மாதிரி. மாத்திரை கொடுத்தார், களிம்பு கொடுத்தார். மாத்திரை தீரும் வரை அடங்கியிருக்கும், தீர்ந்த மறுநாள் பழைய கதை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை.

"இது ஆரம்பிச்சப்ப வீட்டுல என்ன புதுசா வந்துச்சு? சோப்பு, சேலை, கோழி, பூச்சிமருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டார்.

செல்லியம்மாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல்.

"புதுசா ஒன்னும் இல்லீங்கம்மா. அந்தச் சாராயச் சாவு நடந்த வருசம் நான் குடிய வுட்டேன். வேல முடிஞ்சா நேரா வூட்டுக்கு வந்துடறேன். அது ஒன்னு தான் புதுசு."

"நல்ல விஷயம்" என்றார் டாக்டரம்மா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மலைக்குப் போகச் சொன்னது பக்கத்து வீட்டு ராஜாம்பாள். வெள்ளிமலை தாண்டி ஒரு வைத்தியர் இருக்கிறார், ஊறலுக்கு மருந்து ஊற வைத்துக் கொடுக்கிறார், அவள் தம்பிக்குக் கேட்டிருக்கிறது, கேன் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும் என்றாள். அது கரும்பு வெட்டும் சீசன், என்னால் கூடப் போக முடியாது. ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றைக் கழுவிக் கொடுத்து, இன்னொன்றும் எடுத்துப் போ, அடிக்கடி ஏற முடியாது என்று நான்தான் சொன்னேன். இரண்டு கேனோடு காலை பஸ்ஸில் ஏறினாள். மலைக்கு வெள்ளைக் கேன் கொண்டுபோகிறவர்கள் எதற்குக் கொண்டுபோவார்கள் என்பது இந்த மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் மூங்கில்துறைப்பட்டு மில் வாசலில் கரும்பு டிராக்டரோடு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நாற்பது வண்டி. சாப்பிடவில்லை, வெயில் வேறு. போன் வந்தது.

"நீதான் அம்மாசியா? செல்லியம்மாள்ங்கிறது யாரு?"

"என் சம்சாரங்க. இன்னா ஆச்சு சார்?"

"போலீஸ்ல இருந்து பேசுறோம். எதுக்குய்யா அதை மலைக்கு அனுப்புன?"

"ஊறலுக்குத் தான் சார்."

"எதுக்கு?" என்றார் அவர். காது கேட்கவில்லையோ என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

"ஊறல் சார், ஊறல். பதினாலு மாசமா வூட்ல இதே ரோதன தான். முன்ன கம்மியா இருந்திச்சி, இப்ப ஜாஸ்தியாப் பூட்டுது."

"வீட்லயேவா?"

"வூட்லயும் தான், கொல்லையிலயும் தான். ஊரே பாத்துக்கினு தான் இருக்குது சார்."

"கேன்ல என்ன?"

"மலையில ஊற வச்சிக் குடுப்பாங்க. ஒரு கேனு பத்தாது, ரெண்டா வாங்கினு வான்னு நான் தான் சொல்லி அனுப்பிச்சேன்."

"அப்ப நீயே ஒத்துக்கிற."

"ஒத்துக்கறதுக்கு இன்னா சார் இருக்குது, யார வேணா கேட்டுப் பாருங்க" என்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டி நகர்ந்தது, போனை வைத்துவிட்டேன்.

பேசியவர் தெற்கத்தி ஆள். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். அவர் ஊரில் உடம்பு அரிக்கும், ஊறாது. அவருக்கு ஊறல் என்றால் ஒன்றே ஒன்றுதான்: வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் பேரலில் போட்டுப் புளிக்கவைத்த, காய்ச்சுவதற்கு முந்தின சாராயத் தண்ணீர். பேப்பரில் வருகிறதே, மலையில் ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று, அந்த ஊறல். வைத்தியர் கொடுத்த மருந்திலும் வெல்லம், கடுக்காய், வேலம்பட்டைதான், கூட நாலு பச்சிலை. மூடியைத் திறந்தால் வாசனை ஒன்றுபோலத்தான் அடிக்கும். மலையிறக்கத்தில் கேனோடு நிறுத்தி விசாரித்த போலீசிடம் செல்லியம்மாளும் கேட்டதற்கெல்லாம் ஊறல் மருந்துங்க, ஊறல் மருந்துங்க என்றே சொல்லியிருக்கிறாள். ரவிக்கைக் கையை ஏற்றித் தடிப்பைக் காட்டியிருக்கிறாள். சாராய அடுப்புப் புகையிலேயே கிடக்கிற உடம்பு, அதான் இப்படி என்றாராம் ஒரு போலீஸ்காரர்.

நான் அடித்துப் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனபோது எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். "ஊறல்னா சொறி சார்" என்று கும்பிட்டேன். "போன்ல ஒன்னு, நேர்ல ஒன்னா?" என்றார் அவர். கெட்டவர் இல்லை. சாவு விழுந்த ஊரில் வேலை பார்க்கிறவர், பயம் அவருக்கும் இருக்கும். கேனைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிசல்ட் வரட்டும் என்றார். பதினைந்து நாள் ரிமாண்ட். போலீஸ் வேனில் ஏறும்போது செல்லியம்மாள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீயாய்யா அப்படிச் சொன்ன?"

பெண்கள் ஜெயிலில் ஆறாம் நாள்தான் பார்க்கவிட்டார்கள். இலவச வக்கீல் மலர்விழி கூட வந்தார், சின்ன வயசு, சங்கராபுரத்துப் பெண். மாத்திரை இல்லை, களிம்பு இல்லை, இருபது பெண்களோடு சிமெண்டுத் தரை. சதை பிய்ந்து கிடப்பாள், பார்க்கக் கண் தாங்குமா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். முதலில் கையைத்தான் பார்த்தேன். பழைய தழும்புகள் கறுப்பாக இருந்தன. புதிதாக ஒரு தடிப்பு இல்லை.

"ஊறலியா?"

"ஊறல."

"மாத்திரை ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"கேக்கவே இல்ல. மூனாம் நாளே நின்னுட்டுது."

"தூங்கினியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது. "அவங்க எழுப்பனாத்தான்யா எழுந்திருக்கறேன்" என்றாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பதினாலு மாதமாக எதற்குத் தவித்தேனோ அது கண்முன்னால் நிற்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் இல்லாமல் நான் ஆறு நாளாகப் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அலைகிறேன், இவளுக்கு ஜெயில் சுகமாக இருக்கிறதா? வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மலர்விழி ஆறுதல் சொல்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லதுண்ணா இது. அப்ப வூட்ல இருக்கற ஏதோ ஒன்னு தான் அக்காவுக்கு ஒத்துக்கல. ஜெயில்ல இல்லாதது வூட்ல இன்னா இருக்குது? ஒன்னொன்னா எடுத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்."

அந்தப் பேச்சு எனக்கு உயிர் கொடுத்தது. எதிரி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான், பிடித்துவிடலாம்.

கேன் ரிசல்ட் வரவில்லை என்று ரிமாண்டை நீட்டினார்கள், பதினெட்டாம் நாள்தான் ஜாமீன் கிடைத்தது. விஷயத்தை நான்தான் போய்ச் சொன்னேன். "இன்னிக்கேவா?" என்றாள். ஆசையில் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் முழங்கையைச் சொறிந்தாள்.

விட்டேனா பார் என்று இறங்கினேன். முதலில் பாய், தலையணை, கம்பளி எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தினேன். ஒரு வாரம் பார்த்தோம், நிற்கவில்லை. பின்பக்கத்து முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையும், அதை அடியோடு வெட்டினேன். ஆடு இரண்டையும் மச்சானிடம் ஓட்டிவிட்டேன். சோப்பை மாற்றினேன். குடிக்கிற தண்ணீரை வேறு தெருக் குழாயில் பிடித்தேன். அவள் வேறு பாத்திரத்தில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டாள். கூரையில் பழைய ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டேன். சுவரைச் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். ஜெயிலில் சிமெண்டுத் தரைதானே என்று கடன்பட்டுத் தரைக்கு சிமெண்டு பூசினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் பார்ப்போம். ஒவ்வொரு வாரமும் அவள் கழுத்து கொஞ்சம் கூடத் தடித்தது.

நான் இத்தனையும் செய்யும்போது அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தடுக்கவும் மாட்டாள், இதுவாக இருக்கும் என்று ஒன்றைக்கூடக் காட்டவும் மாட்டாள். சிமெண்டு காய்ந்து, நானே வாங்கிவந்த புதுப்பாயில் அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையைச் சொறிந்துகொண்டிருந்த அன்றைக்கு எனக்கு வெறி வந்துவிட்டது. பட்டப்பகல், தெருவே கேட்கக் கத்தினேன்.

"இன்னும் இன்னா தான் மிச்சம் இருக்குது? வாயத் தொறந்து சொல்லு. எதுவா இருந்தாலும் இப்பவே தூக்கிப் போடறேன்."

செல்லியம்மாள் சொறிவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பாவமே என்று பார்த்தாள். அந்த அறையில் அவளைத் தவிரப் பழையது என்று நான் ஒருத்தன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. என் வேர்வையா, என் மூச்சா, வயலில் இருந்து நான் ஒட்டிக்கொண்டு வரும் ஏதாவதா, இல்லை என் சத்தம்தானா? எந்த டாக்டரிடம் போய் இதைக் கேட்பது? கேட்டாலும் எந்த மாத்திரையைத் தருவார்கள்?

மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லி, வெட்டுக் கூட்டத்தோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கொட்டகையில் தங்கிவிட்டேன். இரண்டு வாரம் வீட்டுக்கு வரவில்லை. வெட்டும்போதெல்லாம் கடவுளிடம் ஒரே வேண்டுதல்தான். சொல்லவே நாக்கூசுகிறது. நான் இல்லாமலும் அவளுக்கு ஊற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் போனேன். கதவு திறந்திருந்தது. தடிப்பை மறைக்கப் போடும் முழுக்கை ரவிக்கையை விட்டுவிட்டு அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். களையெடுக்கக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம், ராஜாம்பாள் சொன்னாள். கழுத்து, முழங்கை எல்லாம் சுத்தமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த கை அது. தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது, தொடவில்லை.

"நல்லா ஆயிட்டுதே" என்றேன்.

"ம்" என்றாள்.

கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் பிடித்தது, கத்திரிக்காய் போட்டது. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கொட்டகையில் சாப்பாடு எப்படி, கையில் இது என்ன வெட்டு, மருந்து போட்டாயா என்று எல்லாம் விசாரித்தாள். உண்மையாகவே அக்கறையாகத்தான் கேட்டாள். இரண்டாவது தடவை சோறு போட்டபோது, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"சாப்ட்டுட்டு கிளம்பிடுவ இல்லய்யா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"நாலு மணிக்கு பஸ்ஸு இருக்குது" என்றேன்.