சுறா எண்ணெய் பூசிய கார்

1

இந்தக் கதை மீஞ்சூர் ரயிலில் எனக்கு ஓசியில் கிடைத்தது. "எழுபத்தெட்டுல பழவேற்காட்டுல ஒரு காரு இருந்திச்சு சார், கிட்ட போனா சுறா எண்ண நாத்தம்" என்றார் எதிர் சீட்டுக்காரர். அதற்குள் அவர் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: ஏரியின்மேல் காலைச் சூரியன் தங்கத்தை உருக்கி—

(வேண்டாம். காருக்குள் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. சூரியன் காத்திருக்கட்டும்.)

2

கார் கலந்தருடையது. நாலைந்து படகும், பழைய வியாபாரக் குடும்பம் என்ற பெருமையும் உள்ளவர். ஊரிலுள்ள பழைய டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வந்துபோன ஒல்லாந்து இன்ஜினியர் ஒருவர், நாடு திரும்பும்போது தன் நாட்டுக் காரை இவர் தலையில் கட்டினார். "எங்க பாட்டன்மாருங்க ஒல்லாந்துக்காரங்களோட யாவாரம் பண்ணவங்க. நமக்கு அம்பாசிடர் சரிப்படுமா?" என்று கலந்தர் தெருத்தெருவாகக் கேட்டார். ஊருக்குச் சிரிக்கவே நேரம் போதவில்லை.

[இன்ஜினியரிங் பிடிக்காதவர்கள் இந்த அடைப்பைத் தாண்டிப் போகலாம், பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக்கூடாது. இந்தக் காரில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. இன்ஜினின் சுழற்சியை இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். பெல்ட் ஓடும் புல்லிகள் வேகத்துக்கேற்பத் தாமே நெருங்கும், விலகும். முன்னால் போக எவ்வளவு வேகமோ, பின்னால் போகவும் அவ்வளவு வேகம். பெல்ட்டின் பிடி வழுக்கினால் மட்டும் எந்தப் பக்கமும் போகாது.]

3

உப்புக்காற்றில் பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது. படகு வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? பலகைக்கு வருஷா வருஷம் பூசுகிற சுறா எண்ணெயைப் பெல்ட்டுக்கும் தாராளமாகப் பூசினார். சத்தம் நின்றது. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை மகள் லத்தீபாவுக்கு வலி எடுத்தது. அவளையும் மனைவி ராபியாவையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். திருப்பாலைவனம் தாண்டி, ஒரு பாலத்து மேட்டில் இன்ஜின் அலறியது. கார் நகரவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. தொடச்சிட்டா ஓடும்" என்றார் கலந்தர்.

"இது இன்னா படகா, எண்ண பூசறதுக்கு?" என்றாள் ராபியா. "புள்ள துடிக்கிறா, ஒண்ணுமில்லன்றீங்களே!"

லத்தீபா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வாப்பா, பின்னாடி பஸ் வருது."

"பஸ்ஸா? நம்ம வூட்டுப் பொண்ணு, இந்த நெலமைல, கூட்டத்துல? ஊரு இன்னா பேசும்? இரும்மா, இதோ ஆச்சு."

(இவரைக் கோமாளியாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். இந்த வரி வந்ததும் எனக்கே கோபம் வந்துவிட்டது.)

4

முடிவுகள்.

ராபியா முந்தானையால் எண்ணெயைத் துடைக்க, கார் பறக்கிறது. இது கதையல்ல, விளம்பரம்.

குழந்தை காரிலேயே பிறக்கிறது, அதற்கு— அடித்துவிட்டேன். பெறுகிறவள் பாடு தெரியாதவர்கள் எழுதும் முடிவு.

லத்தீபா தானே கதவைத் திறந்து இறங்கி, கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்துகிறாள். இதை வைத்துக்கொள்கிறேன்.

மகளை ஏற்றிவிட்டு, ராபியா படியில் நின்று கேட்கிறாள்: "ஏறுறீங்களா, இல்ல வண்டிக்குக் காவலா?"

கலந்தர் பஸ்ஸைப் பார்க்கிறார், காரைப் பார்க்கிறார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். இந்த மனிதரை ஏற்றுவதும் விட்டுவிட்டுப் போவதும் உங்கள் இஷ்டம்; எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம். ஆனால் லத்தீபா முன் கம்பியைப் பிடித்தபடி, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாப்பா ஏறினாரா என்று அவளைத் திரும்பிப் பார்க்க மட்டும் வைக்காதீர்கள்.