பதினோரு வரிகள்

அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் திருட்டு வரிகள் வாய்விட்டுப் பேசின. ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றுமுன் சரிபார்க்கும் பெண்மணி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் அது தொடங்கியது. எங்கிருந்தோ எடுத்த வரி ஒன்று அவள் கணினித் திரைக்கு வந்தால், அதை முதலில் எழுதியவரின் குரலிலேயே ஒலிக்கும். மேற்கோள் குறி போட்டு, எழுதியவர் பெயரைச் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து மேசைக்காரர்கள் முறையிட, மாடிப்படிக்கு அடியில் அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். பதினான்கு வருடம் அங்கேயே ஓடியது. பேராசிரியர்கள் கனைத்தார்கள், செத்துப்போனவர்கள் புள்ளிவிவரம் சொன்னார்கள்.

அதில் ஒன்பதாம் வருடம் அவளுடைய ஒரே மகள் நுரையீரல் நோயில் இறந்தாள். வயது இருபத்திரண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஏதோ இணையதளத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். "நீ படிக்காதேம்மா, தப்பு கண்டுபிடிப்பே" என்று சொல்லியிருந்ததால் அம்மா படிக்கவில்லை. பிறகு தேடியபோது அந்தத் தளத்தையே மூடிவிட்டிருந்தார்கள். மகளின் குரலைப் பதிந்து வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பதினான்காம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, நர்சிங் மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டில் நாற்பத்தோராம் பக்கம் வந்ததும் மகள் பேசினாள். "ஊசி போட வருபவரின் கையை முதலில் தொட்டுப் பார்ப்பேன். கை சூடாக இருந்தால் அன்றைக்குப் பயமில்லை." மொத்தம் பதினோரு வரிகள். ஏழாவது வரிக்குப் பிறகு ஒரு இருமல்.

அவள் போன் செய்ததும் பஸ் ஓட்டுநரான கணவர் யூனிஃபார்மோடு ஓடிவந்தார். அறிக்கை தர மூன்று நாள் அவகாசம் இருந்தது. மூன்று நாளும் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

"அப்படியே விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"அவ எழுதினதுங்க. இன்னொருத்தி பேர்ல போகட்டுமா?"

அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாணவியை வரவழைத்தாள். வந்தவள் உட்காருவதற்குள் அழுதுவிட்டாள். "எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப தினம் படிச்சேன் மேடம். போன்ல காப்பி பண்ணி வச்சிருந்தேன். படிச்சுப் படிச்சு என்னோடதுன்னே ஆகிடுச்சு. யார் எழுதினதுன்னு இப்பகூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும். டைப் பண்ணிக்கோ" என்று மகளின் பெயரை இனிஷியலோடு எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கடைசி எழுத்து விழுந்தபோது மகள் நான்காவது வரியின் நடுவில் இருந்தாள். அங்கேயே நின்றுபோனாள். வாசலில் நின்றிருந்த கணவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வேடு இணையத்தில் ஏறியது. அதைப் படித்தவர்கள் அந்த வரிகளைத் தங்கள் ஆய்வேடுகளில் எடுத்தாண்டார்கள். இதுவரை இருபத்தாறு வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் அம்மாதான் திறக்கிறாள். அந்தப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். எல்லோரும் ஒழுங்காகப் பெயர் போட்டிருக்கிறார்கள். சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள்.